இன்னும் ஒரு ஸ்டேஷன்

ஹெலன் அந்தப் பாட்டை எழுதியது ரயிலில். விடியற்காலை ஐந்தே காலுக்குக் கூடுவாஞ்சேரிக்கு வரும் வண்டி, செங்கல்பட்டிலிருந்தே நிறைந்து வந்துவிடும். தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஆறு மணிக்கெல்லாம் வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள், அதனால் அந்த வண்டியை விட முடியாது.

பெண்கள் பெட்டியில் அவளோடு தினமும் ஏறுகிறவள் லோகநாயகி. கிண்டியில் ஒரு கம்பெனியில் தரை துடைத்து, கண்ணாடி துடைக்கிற வேலை. ஐம்பது வயதிருக்கும். ஏறியதும் மேலே தொங்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, அந்தக் கையிலேயே நெற்றியைச் சாய்த்து, நின்றபடி தூங்கிவிடுவாள். ஒரு நாள் ஊரப்பாக்கத்தில் ஓர் இடம் காலியானது. பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் லோகநாயகியின் தோளைத் தட்டி உட்காரச் சொல்லப் போனாள். யாரோ ஒரு பூக்காரம்மா அவள் கையைத் தடுத்து, "எழுப்பாத, இன்னும் ஒரு ஸ்டேஷன் தூங்கட்டும் வுடு" என்றாள்.

தாம்பரத்தில் இறங்குவதற்குள் ஹெலனுக்கு முழுப் பாட்டும் வந்துவிட்டது. பூக்காரம்மா சொன்னதுதான் கடைசி வரி. அதற்கு முன்னால் வருகிற இரண்டு வரிகள் இவை:

கம்பியப் புடிச்சிகினு கண்ண மூடுறா
கனாவுல கூட அவ வூடு பெருக்குறா

அவள் இதுவரை பதினோரு பாட்டு எழுதியிருக்கிறாள். எதையும் யாரும் கேட்டு எழுதவில்லை. அச்சரப்பாக்கத்தில் சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் பாடியதோடு சரி, பாட்டு வகுப்புக்கெல்லாம் போனதில்லை. மொட்டை மாடியில் நின்று இந்தப் பாட்டைப் பாடி போனில் எடுத்துப் போட்டபோது, கொஞ்சம் பேர் கேட்டார்கள். பெரியம்மா மகன் ஜோஷ்வா, மறைமலைநகரில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்பவன், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன், "பாப்பா, இத்த ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணலாம். போன்ல காத்து சத்தம்தான் கேக்குது" என்றான்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் லீவு போட்டுவிட்டு பைக்கில் கிளம்பினார்கள். கேளம்பாக்கம் வரை லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, திருப்போரூர் தாண்டி, பூஞ்சேரிக்குப் பின்னால் ஒரு தெருவில் ஸ்டூடியோவைக் கண்டுபிடித்தார்கள். கீழே வீடு, மாடியில் ஸ்டூடியோ. பத்து மணியிலிருந்து நாலு மணி வரை அவர்களுடைய நேரம்.

ஸ்டூடியோ வைத்திருந்த அரவிந்தனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ரெக்கார்டிங்கும் அவர்தான், இசை சேர்ப்பதும் அவர்தான். மரியாதையாகப் பேசினார், இஞ்சி டீ போட்டுக் கொடுத்தார். போன் வீடியோவை ஏற்கெனவே கேட்டிருந்தார்.

"குரல்ல ஒரு உண்மை இருக்குங்க ஹெலன். அதை மட்டும் வெளிய கொண்டு வந்துட்டா போதும்" என்றார். அதைக் கேட்டு ஹெலனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

ஜோஷ்வாவை வெளி அறையில் உட்காரவைத்து கிட்டாரைத் தனியாக எடுத்தார். பிறகு ஹெலனைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ள சின்ன அறைக்குள் நிறுத்தி, காதில் ஹெட்போன் மாட்டினார். மைக்கில் சத்தம் விழும் என்று ஏசியை நிறுத்தினார். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்ததால் அறை சீக்கிரமே புழுங்கியது. ஹெட்போனில் கிட்டார் கேட்டது. கூடவே தாளம் தப்பாமல் இருக்க, 'கிளிக்' என்று அவர் சொன்ன ஒரு டிக் டிக் சத்தமும் கேட்டது.

முதல் தடவை பாடினாள். அரவிந்தன் நிறுத்தினார். இரண்டாம் தடவையும் நிறுத்தினார். ஐந்தாம் தடவை, கண்ணாடி வழியாகக் கையைக் காட்டிச் சொன்னார்:

"ஹெலன், மூணாவது வரில ஒவ்வொரு தடவையும் லேட்டா வர்றீங்க."

"அந்த எடத்துல வண்டி நிக்குது சார்."

"எந்த வண்டி?"

"பாட்டுல வர்ற வண்டி. ஊரப்பாக்கத்துல நிக்குது. அதான் நானும் நிக்கறேன்."

அரவிந்தன் கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கிளிக் நிக்காதே."

ஹெலன் நிற்காமல் பாடிப் பார்த்தாள். தாளத்துக்குச் சரியாக வந்தது. ஆனால் வார்த்தைகளைப் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் பாட வேண்டியிருந்தது. கவனம் எல்லாம் அந்த டிக் டிக்கில் போனதால், யாரைப் பற்றிப் பாடுகிறோம் என்பதே மறந்துபோனது. பதினொன்றாவது தடவை பாடும்போது கழுத்தெல்லாம் வியர்வை வழிந்தது. "இது ஓகே" என்றார் அரவிந்தன். ஓகே என்று அவர் சொன்ன விதத்திலேயே அது நன்றாக இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொரு முறை எடுக்கலாம் என்று ஆரம்பித்தபோதுதான் பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. கல் அறுக்கும் மிஷின். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிற்பக் கூடம். ஸ்பாஞ்சையும் கதவையும் தாண்டி, பல்லைக் கூச வைக்கிற அந்தக் கீச்சொலி மைக்குக்குள் விழுந்தது.

"வழக்கமா பக்கத்து ஷெட்லதான் அறுப்பாங்க. இன்னிக்கு இங்க வந்துட்டாங்க போல" என்றார் அரவிந்தன். "கொஞ்சம் வெயிட் பண்ணலாம்."

முக்கால் மணி நேரம் ஆனது. சத்தம் நிற்கவில்லை. ஹெலன் பாட்டுத் தாளை மடித்து மடித்து விரல் அளவுக்கு ஆக்கிவிட்டிருந்தாள். ஜோஷ்வா அவளையும் கூட்டிக்கொண்டு பின்தெருவுக்குப் போனான்.

தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே, உடம்பெல்லாம் கல்தூசியோடு நாலைந்து பேர் ஒரு நந்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூடத்துக்குப் பொறுப்பானவர் ஜம்புலிங்கம், அறுபது வயதுக்காரர். மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணாத்த, மேல பாட்டு ரெக்கார்ட் பண்ணிகினு கீறோம். கொஞ்ச நேரம் மிஷின நிறுத்தனா நல்லா இருக்கும்" என்றான் ஜோஷ்வா.

"சாயந்தரம் லாரி வருதுப்பா. நந்தி ஏறியாவணும். காலு இன்னும் அறுக்கல, பாரு" என்றார். பிறகு ஹெலனைப் பார்த்தார். அவள் முகம் எப்படி இருந்ததோ, குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு மணிலேர்ந்து ரெண்டு மணி சாப்பாட்டு நேரம்மா. அப்ப யாரும் மிஷின தொட மாட்டாங்க. பாடிக்க."

ஆக, கையில் இருந்தது ஒரு மணி நேரம். இருவரும் ஒரு பொட்டலம் தயிர்சாதத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிக்கு முன்பே மேலே தயாராக நின்றார்கள். மிஷின் நின்றது. ஹெலன் ஹெட்போனைக் கையில் எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் ஹெலன். வார்த்தை ஒண்ணு பேசிக்கலாம்" என்றார் அரவிந்தன். "வூடுன்னு மூணு இடத்துல வருது. அதை வீடுன்னு பாடினா என்ன?"

"இன்னாத்துக்கு?"

"மதுரைல, கோயமுத்தூர்ல இருக்கறவங்க கேட்டா காமெடின்னு நினைச்சுப்பாங்க. பாட்டு சீரியஸ் பாட்டு. கடைசி வரில வுடுக்குப் பதிலா விடுன்னு போட்டுட்டா ரைமும் கெடாது. வீடு, விடு. சரியா வருதா இல்லையா?"

சரியாகத்தான் வந்தது. "அந்த ரயில்ல வர்றவங்க அப்டி பேச மாட்டாங்க சார்" என்றாள் ஹெலன்.

"பேசறது வேற, பாடறது வேற. ஒரே ஒரு தடவை பாடிப் பாருங்க. பிடிக்கலேன்னா வேண்டாம்."

பாடினாள். போட்டுக் காட்டினார். ஸ்கூலில் கலெக்டர் வந்த அன்று முன்னால் நிறுத்திப் பாடவைத்த பெண்ணைப் போல இருந்தது அவள் குரல். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக இருந்தது. லோகநாயகி அதில் எங்கேயும் இல்லை.

"புடிக்கல சார்."

"சரி. அப்ப முழுசா அந்தப் பக்கம் போயிடலாம். ஒரு கானா பீட் போடறேன், ஷார்ப்பா வரும்."

"இது கானா இல்ல சார்."

"இந்த பாஷைல பாடினா கானாதானே? அது இல்லேன்னா, இது என்னங்க?"

"பாட்டு" என்றாள் ஹெலன். கானா அவளுக்குப் பிடிக்கும். ஜோஷ்வாவின் நண்பன் ஒருவன் அருமையாகப் பாடுவான். ஆனால் அவள் வாயைத் திறந்ததுமே அது இன்ன வகை என்று இன்னொருவர் முடிவு செய்வதுதான் எரிச்சலாக இருந்தது. "நான் பேசறது இப்டிதான் சார். பேசற மாரி பாடறேன். அவ்ளோதான்."

கடிகாரத்தில் ஒன்று நாற்பது. ஜோஷ்வா எழுந்தான். "அண்ணாத்த, நானும் உள்ள வந்து அவ பக்கத்துல உக்காந்து வாசிக்கறேன். அந்த டிக் டிக்லாம் வேணாம். ஒரே தபா."

"ரெண்டும் ஒரே ரூம்ல வாசிச்சா குரல் மைக்ல கிட்டார் விழும். அப்புறம் எதையும் தனியா சரி பண்ண முடியாது."

"பரவால்ல சார்" என்றாள் ஹெலன்.

அரவிந்தன் கையை விரித்துவிட்டு உட்கார்ந்தார். ஜோஷ்வா சின்ன அறைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு, முழங்கால் அவள் காலில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தான். அவள் ஹெட்போனைக் கழற்றி மாட்டி வைத்தாள்.

அந்த முறை பாட்டு வந்தது. மூன்றாவது வரியில் அவள் நின்றபோது, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த ஜோஷ்வாவின் கையும் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கிளம்பியதும் அவனும் கிளம்பினான். 'வூடு' என்ற வார்த்தை தானாக வாயிலிருந்து விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அரவிந்தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. 'கனாவுல கூட' என்கிற வரி முடிந்தது. கடைசி வரிக்கு முன்னால் கிட்டார் மட்டும் தாளத்துக்கு நாலு அடி போகவேண்டும். போனது. அவள் வாயைத் திறந்து, 'எழுப்பாத' என்று ஆரம்பித்தாள்.

மிஷின் கீச்சிட்டது.

ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு. லாரி முன்னாலேயே வந்துவிட்டதாம். ஜோஷ்வா வெளி அறைக்கு ஓடி ஜன்னலைத் திறந்து கத்தினான். கீழே யாருக்கும் கேட்கவில்லை. ஹெலன் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அழுகை வரவில்லை.

"பிரமாதமான டேக்" என்று அரவிந்தன் உள்ளே வந்தார். அவருக்கே முகம் வாடியிருந்தது. "கடைசி வரியை மட்டும் மறுபடி எடுத்து ஒட்டிடலாம்."

நந்தியை லாரியில் ஏற்றி முடிக்க மூன்று மணியானது. அதன் பிறகு அந்த ஒரு வரியை ஒன்பது தடவை பாடினாள். ஒட்டவில்லை. தாளச் சத்தம் இல்லாமல் பாடியதால் வேகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியது, குரலும் களைத்திருந்தது. நாலு மணிக்கு அடுத்த ஆட்கள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். "நான் பார்த்து ரெடி பண்ணி அனுப்பறேன்" என்று அரவிந்தன் சொன்னார்.

பத்து நாள் கழித்து பாட்டு போனுக்கு வந்தது. ராத்திரி வேலை செய்து அனுப்பியிருந்தார் போல. ஹெலன் காலையில் ரயில் ஏறும்போதுதான் பார்த்தாள். லோகநாயகி பக்கத்தில் இருந்தாள். பாட்டு அவளைப் பற்றியதுதான் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ நாள் ஹெலன் அதை அவள் காதோரம் முணுமுணுத்திருக்கிறாள். இயர்போனில் ஒன்றை அவளுக்குக் கொடுத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டாள்.

முதலில் கடல் அலை. பிறகு புல்லாங்குழல். அதன் பிறகு குரல். அந்த நல்ல டேக்கில் இருந்த குரல்தான், ஆனால் சோப்புப் போட்டுக் கழுவிய மாதிரி வழவழவென்று இருந்தது. ஊரப்பாக்கத்தில் வண்டி நிற்கிற இடத்தை வெட்டிச் சேர்த்திருந்தார். 'கனாவுல கூட அவ' வரை அவள் பாடினாள். அடுத்து 'வீடு' என்று வந்தது. அன்றைக்கு ஒரே ஒரு தடவை பாடிப் பாருங்கள் என்றாரே, அதிலிருந்து எடுத்து மூன்று இடத்திலும் ஒட்டியிருந்தார். கடைசி வரியும் அதிலிருந்துதான் வந்தது.

லோகநாயகி கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டாள். இயர்போனைக் கழற்றிக் கொடுத்தாள்.

"நல்லாதான் கீது. யாரு பாடறது?"

"நான்தான்க்கா."

"நீயா?" லோகநாயகி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "சர்தான். சளி புடிச்சிருந்துதா?"

அன்று வேலையில் ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினாள். அவளுக்கு அப்படி ஆவதே இல்லை. டியூட்டி முடிந்ததும் நேராக மாமல்லபுரம் பஸ் ஏறினாள். பூஞ்சேரியில் இறங்கி வெயிலில் நடந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டூடியோ கதவைத் தட்டினாள்.

"என்னங்க, போன் பண்ணியிருக்கலாமே" என்றார் அரவிந்தன். "கேட்டீங்களா?"

"கேட்டேன். அத்தெல்லாம் எடுங்க சார்."

"எதை?"

"எல்லாத்தையும். பாட்டு ரயில்ல நடக்குது. கடலு இன்னாத்துக்கு வருது?"

"ஒரு மூட் கிடைக்கும்னு..."

"வீடுன்னு பாட மாட்டேன்னு சொன்னேன். என் வாயிலேர்ந்து எடுத்து என் வாயிலயே ஒட்டிகீறீங்க. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அரவிந்தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். அவருக்கும் கோபம் வந்திருந்தது. "மூணு ராத்திரி உட்கார்ந்திருக்கேங்க இதுக்கு. புல்லாங்குழல் வாசிச்சவர் ஃபிரெண்டுங்கறதால வந்து வாசிச்சார். நாலு பேர் கேக்கணும்னுதானே பண்ணேன்? கெடுக்கணும்னா பண்ணேன்?"

"கெடுக்கணும்னு பண்ணலன்னு தெரியும் சார். அதான் இன்னும் கோவமா வருது."

பிறகு அரவிந்தன் இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். "உட்காருங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க."

இரண்டரை மணி நேரம் ஆனது. அலையை எடுத்தார். புல்லாங்குழலை எடுக்கும்போது கொஞ்சம் தயங்கினார், எடுத்தார். மூன்று வீடும் போயின. வழவழப்பு போனபோது குரலில் இருந்த கரகரப்பு திரும்பி வந்தது. ஊரப்பாக்கத்து நிறுத்தத்தை மறுபடி வைத்துக் கேட்டபோது, அரவிந்தன் தலையை லேசாக ஆட்டினார். "இது நின்னாத்தான் நல்லா இருக்கு. கிளிக்கோட கேட்டுக் கேட்டு எனக்குத் தெரியல" என்றார். அன்றைக்கே சொன்னேனே என்று நாக்கு நுனி வரை வந்ததை ஹெலன் விழுங்கிக்கொண்டாள்.

கடைசி வரிக்கு மட்டும் வழி இல்லை. மிஷின் சத்தத்தை எடுத்தால் குரலும் சேர்ந்து கரைந்தது. தனியாகப் பாடிய ஒன்பதில் ஒன்றைக்கூடப் பொருத்த முடியவில்லை. கடைசியில், கிட்டாரின் நாலு அடி முடிந்ததும் பாட்டை நிறுத்திவிடலாம் என்று முடிவானது. வேறு என்ன செய்வது?

அப்படியே வெளியிட்டாள். முதல் வாரத்தில் முந்நூறு பேர் கேட்டிருந்தார்கள். கீழே இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் கைதட்டுகிற பொம்மை போட்டிருந்தார். இன்னொருவர், 'ஆடியோ பாதியில் கட் ஆகிறது, சரியாக அப்லோட் செய்யவும்' என்று எழுதியிருந்தார். ஹெலன் அதைப் படித்துவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

லோகநாயகிக்குப் போட்டுக் காட்டினாள். "ஆங், இது நீ" என்றாள் லோகநாயகி. பிறகு இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்துவிட்டு, "இன்னா, அவ்ளோதானா? என்ன தூங்க வுட சொல்வியே, அது எங்க?" என்று கேட்டாள். ஹெலன் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அலுத்துப்போய், "பேஜாருக்கா, வுடு" என்றாள்.

அன்று மாலை ஜோஷ்வா ஒரு செய்தியோடு வந்தான். ஜம்புலிங்கத்தையே போனில் பிடித்துப் பேசியிருக்கிறான். அமாவாசை அன்று அந்தக் கூடத்தில் யாரும் கல்லைத் தொடுவதில்லையாம். ஹெலன் அரவிந்தனைக் கூப்பிட்டாள். வரும் அமாவாசைக்கு வேறு ஆள் இருக்கிறது, அடுத்த அமாவாசைக்குத் தரலாம் என்றார். "ரெண்டு பேரும் உள்ளயே உட்கார்ந்து வாசிங்க. கிளிக்கை நான் ஆன் பண்ணவே மாட்டேன்" என்றும் சொன்னார். அதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. சரி என்றாள்.

மறுநாள் லேபில் லீவு சீட்டை எழுதி மேற்பார்வையாளர் சுப்புராமனின் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தேதியைப் பார்த்தார்.

"இவ்ளோ முன்னாடியே லீவா? இன்னா விசேஷம், கல்யாணமா?"

"இல்ல சார். பாட்டு ரெக்கார்டிங்."

"போன மாசம்தானே அதுக்குன்னு போன?"

"ஒரு வரி பாக்கி சார்."

"ஒரு வரிக்கு ஒரு நாளா?"

"அந்த ஒரு வரிக்கு முழுப் பாட்டையும் மறுபடி பாடணும் சார்" என்றாள் ஹெலன். சுப்புராமன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.